நூற்று இருபத்துநான்கு கிலோமீட்டர், பதினாறு கிலோ

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விமான நிலையம், அந்தப் பக்கம் ஒரு விமான நிலையம். இரண்டும் பெயருக்குத்தான் விமான நிலையம். இந்தப் பக்கத்தில் இருப்பது தகரக் கூரை போட்ட ஒரு கூடம், நாலு மர பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் தராசு அக்கா. நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் நடுவே நூற்று இருபத்துநான்கு கிலோமீட்டர். காலையில் ஒரு விமானம் போகும், முப்பத்திரண்டு நிமிஷம். அதே விமானம் திரும்பி வரும், இருபத்தொன்பது நிமிஷம்.

"போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணுதானே? அப்புறம் எப்படி மூணு நிமிஷம் குறையுது?" என்று கேட்காத பயணி கிடையாது.

"போறப்ப காத்து எதிர்ல நிக்குது. வர்றப்ப முதுகைப் பிடிச்சுத் தள்ளுது" என்று தராசு அக்காவும் இருபத்துமூன்று வருஷமாகச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட நேரத்தைச் சொல்லிவிட்டு, "முப்பத்திரண்டு நிமிஷம்தான், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடலாம்" என்று கூடவே சேர்த்துக்கொள்வாள். விமானத்தைத் தானே பெற்று வளர்த்ததுபோல அவளுக்கு ஒரு பெருமை.

இந்தப் பெருமைக்கு வீட்டிலேயே ஒரு எதிர்க்கட்சி இருந்தது. சாலை வழியாகப் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு இருநூற்று அறுபது கிலோமீட்டர், ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துப் பேருந்தை ஓட்டுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். "உன் விமானத்துல பன்னிரண்டு பேர் போவாங்க. என் பஸ்ல அறுபது பேர். யாரால ஊர் நடக்குது, சொல்லு பார்ப்போம்?" என்பார். "அறுபது பேரும் போய்ச் சேர்றப்ப பாதி பேருக்கு இடுப்பு இருக்காது" என்பாள் அவள். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

தராசு அக்கா என்ற பெயர் சும்மா வந்ததல்ல. பெரிய விமானங்களில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு குத்துமதிப்பு வைத்து ஓட்டிவிடலாம். பன்னிரண்டு பேர் ஏறும் குட்டி விமானத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. பெட்டியையும் நிறுக்க வேண்டும், பெட்டிக்காரரையும் நிறுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 'லோடு ஷீட்' என்ற தாளில் எழுதி விமானியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் நகரும். இந்த வேலையை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வாள். பெட்டியின் எடையைக் குறைப்பதற்காக ஒரு வியாபாரி மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கால்சட்டைப் பைகளில் சாமான்களை அடைத்துக்கொண்டு வந்தார். பெட்டியில் குறைந்த நாலு கிலோ அப்படியே ஆளில் ஏறி நின்றது. "இவ்வளவு கஷ்டப்பட்டு வேர்த்ததுல கால் கிலோ குறைஞ்சிருக்கு சார், அது மட்டும்தான் லாபம்" என்று அவள் சொன்னதை அந்த வியாபாரி இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

சிரிக்காதவரும் ஒருவர் உண்டு. வக்கீல். போன வருஷம் அவருடைய வழக்குக் கட்டில் ஐந்து கிலோ கூடுதல் என்று அவள் இறக்கி வைத்துவிட்டாள். "ஐயாயிரம் கிலோ தூக்குற விமானம், என்னோட அஞ்சு கிலோவுலயா கீழ விழப்போகுது?" என்று அவர் குதித்தார். "ஒரு கிலோன்னாலும் கிலோதான் சார். உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்றாள் அவள். கட்டில்லாமல் போய் வெறுங்கையோடு நீதிமன்றத்தில் நின்றவர், அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். மாதம் இரண்டு தடவை வருவார். சீட்டை நீட்டுவார். கூரையைப் பார்த்தபடி தராசில் ஏறுவார், கூரையைப் பார்த்தபடியே இறங்குவார்.

ஆனால் அவளிடம் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. அது ஆள் ஏறி நிற்கிற பழைய தராசு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகப்பு, நடுவே ஒரு முள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த முகப்பைக் கூடத்தின் பக்கமிருந்து தன் நாற்காலிப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள். யாருடைய எடையையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, அவர்கள் கையில் கொடுப்பாள். "ஆளோட எடை ஆளுக்கும் எனக்கும் விமானத்துக்கும் தெரிஞ்சாப் போதும்" என்பாள். என்ன நாகரிகம் என்று எல்லாரும் மெச்சினார்கள். அந்த நாகரிகத்துக்குப் பின்னால் இருந்த காரணம் யாருக்கும் தெரியாது.

அந்தக் காரணத்தை இப்போது உடைத்துச் சொல்லிவிடலாம். ஊழியர்கள் விமானத்தில் போனால் தராசில் ஏற வேண்டியதில்லை. அவர்களுடைய எடை பதிவேட்டில் இருக்கும், அதையே எடுத்து லோடு ஷீட்டில் எழுதிக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பதிவேட்டைப் புதுப்பிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவள் ஐம்பத்துநான்கு கிலோ. உண்மையாகவே ஐம்பத்துநான்கு. அடுத்த வருஷம் போன வருஷத்துத் தாளைப் பார்த்து ஐம்பத்துநான்கு என்று எழுதினாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. இப்படியே இருபத்துமூன்று வருஷம். உடம்பு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டு போக, பதிவேட்டில் மட்டும் அவள் இருபத்தாறு வயசுக் குமரியாகவே நின்றுவிட்டாள். ஊரையே நிறுத்தவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் விமானத்தில் போனது நாலே நாலு தடவை. நாலு தடவையும் விமானம் பாதி காலி, அதனால் ஒரு பாதகமும் வரவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை, ஒன்பது வயது இளையவள். அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மா போய்விட்டாள். பத்து வயதுத் தங்கைக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாமே அக்காதான். தங்கை வாழ்க்கைப்பட்டது மலைக்கு அந்தப் பக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது, தங்கவில்லை. அன்று விமானம் மேகத்தால் நின்றுபோனது. அக்கா பேருந்தில் ஏழு மணி நேரம் போனாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "இப்பதான் வர்றியா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபமில்லாத கேள்விதான். ஆனாலும் அது அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது நாற்பது வயதில் தங்கை மறுபடியும் உண்டாகியிருந்தாள். அறுவை சிகிச்சை அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது.

"அக்கா, பிரஷர் ஏறிடுச்சாம். இன்னைக்கே பண்ணணும்னு டாக்டர் சொல்றாங்க. பதினோரு மணிக்கு."

"பயப்படாதே. நான் வர்றேன்."

"நீ வராம நான் உள்ள போக மாட்டேன். சொல்லிட்டேன்."

"பைத்தியம் மாதிரி பேசாதே."

"போன தடவை நல்ல பிள்ளையாத்தான் போனேன்" என்றாள் தங்கை.

வீட்டுக்காரர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பேருந்து பத்து மணிக்குக் கிளம்பி ஐந்து மணிக்குப் போய்ச் சேரும். பதினோரு மணி அறுவை சிகிச்சைக்கு அது ஆகாது என்று அவருக்கும் தெரியும். அவருக்கு வருத்தம் வந்தால் அது கிண்டலாகத்தான் வெளியே வரும். "விமானத்துலயே போ. இன்னைக்கு ஒரு நாள் நான் தோத்துட்டேன்னு வச்சுக்கோ" என்றவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா என் பஸ்ல யாரும் நிறுத்துப் பார்க்க மாட்டாங்க."

"இந்த நேரத்துல என்ன பேச்சு இது?" என்று எரிந்து விழுந்தாள். அவர் எதைச் சொன்னார் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

விமானம் ஒன்பது பத்துக்கு. பதினொரு இருக்கைக்கு ஆள் இருந்தது, பன்னிரண்டாவது காலி. அதை அவள் தனக்கு எழுதிக்கொண்டாள். விடுப்புச் சொல்லிவிட்ட பிறகும் லோடு ஷீட்டை அவளேதான் உட்கார்ந்து போட்டாள். மாற்றாளாக வந்த பெண்ணின் கூட்டல் கணக்கில் அவளுக்கு நம்பிக்கையில்லை. எல்லாரையும் நிறுத்தாள், எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தாள். வக்கீல் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தபடி ஏறி இறங்கினார். கடைசியாகத் தன் பெயருக்கு நேரே ஐம்பத்துநான்கு என்று எழுதினாள். கை தன் பழக்கத்துக்கு எழுதியது. மனசு முழுக்கத் தங்கை இருந்ததால், எழுதியது பொய் என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

விமானத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டபோது, அதைக் கொஞ்சம் நீளமாக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கேப்டன் முன்னால் இருந்து திரும்பிப் பார்த்துப் பேசினார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லிடறேன். கணவாயில மேகம் இறங்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் இறங்க முடியலைன்னா அப்படியே திரும்பி வரணும், அதுக்குத்தான் எண்ணெய் கூட ஏத்தியிருக்கேன். விமானம் கழுத்துவரைக்கும் நிறைஞ்சிருக்கு, ரெண்டே கிலோதான் மிச்சம். ஆனா கவலைப்படாதீங்க, இது நம்ம அக்கா போட்ட ஷீட். அவங்க கணக்குன்னா நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன்."

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வக்கீல் மட்டும் புன்னகைக்கவில்லை, ஆனாலும் பார்த்தார்.

அக்கா தன் எடையை நினைத்துப் பார்த்தாள். வீட்டுத் தராசில் போன மாதம்தான் பார்த்திருந்தாள். அந்த எண்ணையும் ஐம்பத்துநான்கையும் மனசுக்குள் கழித்தாள். கழித்துக் கிடைத்ததிலிருந்து இன்னும் இரண்டைக் கழித்தாள். பதினாறு கிலோ கூடுதல். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? விமானம் விழுந்துவிடாது. அநேகமாக விழாது. இந்த 'அநேகமாக' என்ற வார்த்தைக்காகத்தானே அவளை அந்த ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள்? முன் இருக்கையில் வக்கீலின் வழுக்கைத் தலை தெரிந்தது. ஒரு கிலோன்னாலும் கிலோதான் சார். வாயைத் திறந்தால் தங்கையிடம் போக முடியாது, திறக்காவிட்டால் தன்னோடு பதினொரு பேரையும் கேப்டனையும் பொய்யின்மேல் உட்கார வைத்துக்கொண்டு போகிறாள். அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கையைத் தூக்கினாள்.

"கேப்டன் சார், எஞ்சினைப் போடாதீங்க. நான் இறங்கணும்."

"என்னக்கா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"மறக்கலை சார். ஷீட்டுல ஒரு எடை தப்பு. என்னோடது."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தராசில் ஏறுவதும் அப்படித்தான். விமானத்திலிருந்து கூடம்வரை உள்ள நாற்பது அடியை நடப்பதற்குள் அவள் பாதியாகிப் போனாள். நிஜமாகவே பாதியாகியிருந்தால் பிரச்சினையே தீர்ந்திருக்கும். வேடிக்கை பார்க்கிற ஆசையில் பயணிகள் அத்தனை பேரும் இறங்கிப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பெட்டி ஏற்றுகிற மேஸ்திரி, ஐம்பத்தைந்து வயது மனிதர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பதினஞ்சு வருஷமா நானும் யோசிக்கிறேன், அக்கா நாற்காலி மட்டும் ஏன் வருஷத்துக்கு ஒண்ணு உடையுதுன்னு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மேஸ்திரி" என்றார் கேப்டன், உதட்டைக் கடித்துக்கொண்டு.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தராசில் ஏறி நின்றாள். முகப்பு ஜன்னலுக்குப் பின்னால் திரும்பியிருந்தது. அங்கே அவளுடைய நாற்காலி காலி. மாற்றாள் பெண் வாசலில் ஃபோனில் இருந்தாள். யார் போய்ப் பார்ப்பது என்று எல்லாரும் தயங்கி நின்ற நேரத்தில், வக்கீல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டினார். முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு வருஷத்துக் கோபமும் அவர் கையில் இருந்தது, ஒரு எண்ணும் இருந்தது.

வக்கீல் மேஜையில் கிடந்த துண்டுச் சீட்டில் ஒன்றைக் கிழித்தார். அதில் எழுதினார். இரண்டாக மடித்தார். ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தார்.

அக்கா அந்தச் சீட்டை உடனே பிரிக்கவில்லை. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"எழுபத்திரண்டு" என்று உரக்கச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. எழுபத்திரண்டு கிலோ. ஐம்பத்திநாலுன்னு எழுதினது பொய். விமானத்துல பதினாறு கிலோ கூடுதல். நான் இறங்கிக்கிறேன், நீங்க கிளம்புங்க, மேகம் மூடிடும்."

"நீங்க எதுக்குப் போறீங்க?" என்றார் வக்கீல். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளோடு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் சொன்னாள். தங்கை, பதினோரு மணி, ஆறு வருஷத்துக்கு முந்தைய நாள், எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்லி முடித்தாள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "எண்ணெயைக் குறைக்க முடியாதுக்கா. பத்து நிமிஷம் தர்றேன். பதினாறு கிலோவைக் குறைங்க" என்றார்.

"என் பை ஆறு கிலோ. அதை முதல்ல இறக்குங்க" என்றாள் அக்கா. மேஸ்திரி ஓடினார்.

"பத்து மிச்சம்" என்றார் வக்கீல், நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "என் கட்டு அஞ்சு கிலோ. அதையும் இறக்குங்க."

"சார், வேண்டாம். உங்க வழக்கு..."

"இன்னைக்கும் வாய்தாதாம்மா. போன தடவை கட்டில்லாம போய் வாய்தா வாங்கினேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கட்டோட போய் வாய்தா வாங்குறேன். தூக்கின வலிதான் மிச்சம். இன்னைக்கு ஒரு நாள் கையை வீசிட்டுப் போய் வாங்குறேன்."

பயணிகளில் ஒரு டீச்சர் இருந்தாள். அவளுடைய பையில் திருத்திய விடைத்தாள்கள் நூற்றுமுப்பது, மூன்றரை கிலோ. "இதையும் எடுத்துக்கங்க. பசங்க இன்னும் ஒரு நாள் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

"ஒன்றரை மிச்சம்" என்றார் வக்கீல். அதற்குப் பிறகு யாரிடமும் ஒன்றுமில்லை. மற்றவர்கள் எல்லாரும் கைப்பையோடு வந்தவர்கள். ஒருவர் பெல்ட்டைக் கழற்றப் போனார், மனைவி தடுத்துவிட்டாள். அக்கா கேப்டனைப் பார்த்தாள். அழுத கண்ணிலும் பழைய தராசு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கேப்டன் சார், உங்க எடையும் பதிவேட்டுல இருந்துதான் எழுதினேன்."

"எனக்கென்ன? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்கிறார்."

"பார்த்து நாலு மாசம் ஆச்சு. ஏறுங்க."

"கூடியிருந்தா?"

"கூடியிருந்தா நான் வீட்டுக்குப் போறேன். ஏறுங்க சார்."

கேப்டன் வேறு வழியில்லாமல் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறினார். வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முள்ளைப் பார்த்தார். சீட்டு எழுதினார், மடித்தார், கொடுத்தார். கேப்டன் பிரித்துப் பார்த்து, கூடமே அதிரும்படி கத்தினார். "ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு! மூணு மாசமா வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. ஒண்ணும் குறையலை, வெளியில தின்னுட்டு வர்றேன்னு தினமும் சண்டை. அக்கா, இதை முத்திரை குத்திக் கொடுங்க, வீட்டுல காட்டணும்."

கூடம் சிரித்துக் கைதட்டியது. அக்கா சிரித்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, புது லோடு ஷீட்டைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அரைக் கிலோ மிச்சம் என்று வந்தது. கேப்டன் இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. இறக்கி வைத்த மூன்று மூட்டையையும் மேஸ்திரி சைக்கிளில் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு விட்டார். "உங்க வீட்டுக்காரர் பத்து மணிக்குத்தானே எடுப்பார்? அவர் தலையில கட்டிடறேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

விமானம் ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்பியது.

முப்பத்திரண்டு நிமிஷம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடலாம் என்று இருபத்துமூன்று வருஷமாகச் சொன்னவளுக்கு அன்றுதான் அந்த முப்பத்திரண்டு நிமிஷத்தின் நீளம் தெரிந்தது. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வளைந்து வளைந்து போகிற மலைச்சாலை தெரிந்தது. அதில்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரின் பேருந்து உருண்டு வரும். கணவாயில் மேகம் ஜன்னலை மூடியபோது எல்லாரும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேகம் விலகி மறுபக்கத்து ஓடுதளம் தெரிந்தபோது பக்கத்திலிருந்த டீச்சர் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். சக்கரம் தரையைத் தொட்டபோது அக்கா கணக்குப் பார்த்தாள். முப்பத்துநாலு நிமிஷம். எதிர்க்காற்று இரண்டு நிமிஷத்தைத் தின்றுவிட்டது. அதன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் தள்ளுவண்டிப் படுக்கையில் தங்கை படுத்திருந்தாள். அறுவை அறைக் கதவுக்கு ஆறடி தள்ளி. டாக்டர் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தங்கையின் கணவர், பாவம், யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் சுவரோரம் நின்றார். மணி பத்து இருபத்தைந்து. அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டேன்டி."

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. டாக்டர் பக்கம் திரும்பி, "அக்கா வந்தாச்சு. தள்ளுங்க" என்றாள்.

கதவு மூடியது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் அந்தத் துண்டுச் சீட்டு இருந்தது. வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்து நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தாள். பெண் குழந்தை. வந்ததும் வராததுமாக வீறிட்டுக் கத்தியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் போன சத்தம் அது. அக்கா குழந்தையோடு மறுபடியும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எடை?" என்று கேட்டாள், வாயில் முதலில் வந்தது அதுதான்.

"ரெண்டு கிலோ எண்ணூத்தி ஐம்பது."

"தராசுல வச்சுப் பார்த்தீங்களா, இல்ல சும்மா எழுதினீங்களா?"

"வச்சுத்தான் பார்த்தோம்மா" என்றாள் நர்ஸ், கொஞ்சம் முறைத்துக்கொண்டு.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு வந்தார். ஒரு தோளில் அக்காவின் பை, கையில் விடைத்தாள் மூட்டை, கக்கத்தில் வழக்குக் கட்டு. தங்கை தலையணையில் சாய்ந்து கதை முழுவதையும் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தாள். இரண்டு தடவை கேட்டாள். வக்கீல் சீட்டை மடித்துக் கொடுத்த இடத்தில் இரண்டு தடவையும் அழுதாள்.

"என் பஸ் இல்லாம உங்க விமானம் பறக்காதுன்னு இன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சா?" என்றபடி அவர் சுமையை இறக்கினார். குழந்தையைப் பார்த்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதன் காலைத் தொட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "எழுபத்திரண்டுன்னு மைக் வச்ச மாதிரி சொன்னியாமே. மேஸ்திரி பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிட்டார்."

"உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே?"

"நீ பஸ்ல ஏறினா எந்தப் பக்கம் சாயுதுன்னு டிரைவருக்குத் தெரியாதா?"

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள்.

அந்த நேரம் வாசலில் தங்கையின் கணவர் யாரோ ஒரு உறவினரிடம் ஃபோனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சித்தப்பா, பொண்ணு! நல்லா இருக்கா. எடையா? மூணு கிலோ!"

அக்கா குழந்தையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு விருட்டென்று எழுந்து போனாள். ஃபோனைப் பிடுங்கினாள்.

"ரெண்டு கிலோ எண்ணூத்தி ஐம்பதுங்க. எழுதிக்கங்க" என்றாள். "எங்க குடும்பத்துல இனிமே யாரும் எடையில பொய் சொல்றதில்லை."